நாய்க்கு லேகியம் கேட்ட மருமகன்

ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் போனை எடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சட்டத்தைப் போட்டவனும் நான்தான், மீறுகிறவனும் நான்தான். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் பத்தரை மணிக்கு ஜெர்மனியிலிருந்து என் தங்கை மகன் பேசினான். அங்கே அப்போது சாயங்காலம் ஏழு மணி.

“மாமா, உங்க அமுக்கரா லேகியம் ரெண்டு டப்பா கொரியர்ல அனுப்ப முடியுமா?”

“யாருக்குடா? உனக்கா?”

“ஐயோ, எனக்கில்ல மாமா... ப்ரூனோவுக்கு!”

ப்ரூனோ என்பது அவன் வளர்க்கிற லாப்ரடார். நாலு வயசு ஆண் நாய். நானும் முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். மாப்பிள்ளைக்கு லேகியம் கேட்டு மாமனார் வந்திருக்கிறார். அண்ணனுக்குக் கேட்டுத் தம்பி வந்திருக்கிறான். ‘ஒரு ஃபிரண்டுக்கு சார்’ என்று சொல்லித் தனக்கே வாங்கிப் போனவர்களுக்குக் கணக்கில்லை. நாய்க்கு ஆண்மை லேகியம் கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டில் ஒரு பெண் நாய். அது பருவத்துக்கு வரும்போதெல்லாம் ப்ரூனோ சாப்பிடாது; ராத்திரி முழுக்க ஊளையிடும்; கதவைப் பிறாண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு. கீழ்வீட்டுக்காரர் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்துவிட்டார். விதையை எடுத்துவிடும் ஆபரேஷன் செய்துவிடலாமா என்று இவர்கள் கேட்க, “முதலில் சிப் வைத்துப் பார்ப்போம்” என்றிருக்கிறார் அங்குள்ள கால்நடை டாக்டர். ஜெர்மனியின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு, காரணமில்லாமல் ஒரு பிராணியின் உறுப்பை எடுக்கக் கூடாது என்கிறது. மருத்துவக் காரணம், கட்டுப்பாடில்லாமல் குட்டி பெருகுவதைத் தடுப்பது என்று விலக்குகள் உண்டு. 2023 நவம்பரில் சிப் வைத்தார்கள். ரெண்டு மாதத்தில் ப்ரூனோ பரம சாது.

ஒன்பது மாதம் கழித்து மருமகனுக்கு மனசு மாறிவிட்டது. நண்பர் வீட்டில் நல்ல பெண் லாப்ரடார் ஒன்று இருக்கிறது, ஜோடி சேர்த்துக் குட்டி எடுக்கலாம் என்று பேச்சு. அப்போதுதான் ப்ரூனோவை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். “நெல்லிக்காய் மாதிரி இருந்தது மாமா, இலந்தைப்பழம் மாதிரி ஆயிடுச்சு. தப்பு பண்ணிட்டோமா? நிரந்தரமாவே போயிடுச்சா?” என்றான். பிள்ளைக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்ட தகப்பனின் குரல் அது.

மறுநாள் காலையில் தங்கையின் சிபாரிசு வந்தது. “ஊருக்கெல்லாம் பிள்ளை வரம் குடுக்கே, நம்ம வீட்டு நாய்க்கு ஒரு டப்பா குடுக்க மாட்டியா அண்ணே?”

லேகியத்தை நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் நாய் இல்லாதவர்களும் படியுங்கள். நடுவில் ஓர் இடத்தில் உங்கள் வீட்டுப் பையனும் வருவான்.

முதலில் இந்தச் ‘சிப்’ என்ன என்று பார்த்துவிடுவோம். நாய் காணாமல் போனால் அடையாளம் காண்பதற்கு வைக்கிறார்களே, அந்தச் சிப் வேறு. இது மருந்து. அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளைக் குச்சி. சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2.3 மில்லிமீட்டர் தடிமன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலமாகச் செலுத்திவிடுவார்கள். மயக்க மருந்து தேவையில்லை, தையல் இல்லை. உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் டெஸ்லோரெலின். ஆஸ்திரேலியாவில் உருவாகி, 2007-ல் ‘சுப்ரலோரின்’ என்ற பெயரில் ஐரோப்பிய யூனியனின் அனுமதி பெற்றது. 4.7 மில்லிகிராம் குச்சி குறைந்தது ஆறு மாதம் வேலை செய்யும். 9.4 மில்லிகிராம் குச்சி ஒரு வருஷம்.

நான் கிராமத்தில் வளர்ந்தவன். காளைக்குக் காயடிப்பதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மாட்டைக் கீழே சாய்த்து, கால்களைக் கட்டி, இடுக்கியால் நரம்பை நசுக்குவார்கள். அந்த மாடு போடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அங்கே நசுங்கியது நசுங்கியதுதான், மறுபடி வராது. ஆகவே விதை சுருங்கியது என்றாலே நம் மனசு அந்தக் காளையைத்தான் நினைக்கும். மருமகன் பயந்ததும் அதனால்தான். ஆனால் சிப் வைத்த நாயின் விதையை யாரும் நசுக்கவில்லை, தொடவே இல்லை. அதற்கு மேலிடத்திலிருந்து வர வேண்டிய உத்தரவு நின்று போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மேலிடம் மூளை. ஹைபோதலாமஸ் என்ற பகுதி ஒரு சின்ன ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அனுப்புகிறது. அதற்கு ஜி.என்.ஆர்.எச். என்று பெயர். பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதைப் பார்த்து பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை விதைக்குப் போய், ஒன்று டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. இன்னொன்று விந்தணு தயாரிக்கும் வேலைக்குத் துணை நிற்கிறது. நாய்க்கும் நமக்கும் இந்த ஏற்பாட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இந்தச் சங்கிலியின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழு 1971-ல் பன்றிகளின் மூளையிலிருந்து பிரித்தெடுத்துக் கண்டுபிடித்தது. அதே சமயத்தில் ரோஜர் கில்லெமின் ஆட்டு மூளைகளை வைத்து மல்லுக்கட்டினார். இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசு. ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த வருஷம் நடந்ததுதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை ஏற்றிப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் பிட்யூட்டரி சுறுசுறுப்பாக வேலை செய்தது. அதே ஹார்மோனை நிறுத்தாமல் தொடர்ந்து ஏற்றியபோது பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது!

கதவை யாராவது ஒரு தடவை தட்டினால் எழுந்து போய்த் திறப்பீர்கள். காலையிலிருந்து ராத்திரி வரை தட்டிக்கொண்டே இருந்தால்? காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவீர்கள். சிப் செய்வது இந்த வேலையைத்தான். ஹார்மோனைத் தடுப்பதில்லை, நிறுத்தாமல் தட்டுகிறது. அதனால்தான் வைத்த முதல் சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. ‘சிப் வைத்த பிறகு நாய் இன்னும் துள்ளுகிறதே’ என்று சிலர் மிரண்டு போவார்கள். அதற்குப் பிறகுதான் சரிவு. ஏற்கெனவே தயாராகிச் சேர்ந்திருக்கும் விந்தணுக்கள் கொஞ்ச காலம் இருக்கும். ஆகவே சின்னக் குச்சி வைத்த நாயை முதல் ஆறு வாரம் பருவத்துக்கு வந்த பெண் நாயிடமிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்காமல் குட்டி போட்ட பிறகு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாய்க்கும் இந்த வைத்தியத்துக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. மனிதனைப் போலவே வயசான ஆண் நாய்க்கும் புராஸ்டேட் வீங்கும். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற சிகாகோ சர்ஜன், நாய்களின் புராஸ்டேட்டை ஆராய்ந்து, ஆண் ஹார்மோன் குறைந்தால் அது சுருங்குகிறது என்று பார்த்தார். அதிலிருந்துதான் 1941-ல், புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு ஆண் ஹார்மோனைக் குறைப்பது பலன் தருகிறது என்று காட்டினார். 1966-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. இன்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசியும், ப்ரூனோவின் தோலுக்கடியில் இருந்த குச்சியும் ஒரே குடும்பத்து மருந்துகள்.

சரி, மருமகனின் கேள்விக்கு வருகிறேன். திரும்பி வருமா?

வரும். அனுமதி கொடுத்தபோது வைத்த கணக்கே இருக்கிறது. 4.7 மில்லிகிராம் குச்சி வைத்த நாய்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல், வைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. 18 மாதத்துக்குள் 98 சதவிகித நாய்கள் தேறிவிட்டன. சிறிய ஜாதி நாய்களில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். ப்ரூனோவுக்கு அப்போது ஒன்பதே மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதக் குச்சி என்றால் ஏழாவது மாதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று மருமகன் கணக்குப் போட்டுவிட்டான். ‘குறைந்தது ஆறு மாதம்’ என்று எழுதியிருப்பதில் அந்தக் ‘குறைந்தது’ என்ற வார்த்தையை அவன் மட்டுமா விட்டுவிடுகிறான்? மாத்திரை அட்டையை நாம் படிக்கிற லட்சணமே அப்படித்தான்!

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சரியான அன்றைக்கே விந்தணு வந்துவிடாது. அடங்கிப் போன விதையில் விந்தணுவுக்கு மூலமான தாய் அணுக்கள் அப்படியே உயிரோடுதான் இருக்கும். அதற்கு மேற்பட்ட படிகள்தான் நின்று போயிருக்கும். உத்தரவு வந்ததும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். நாய்க்கு ஒரு விந்தணு உருவாகச் சுமார் 62 நாள். அது முதிர்ந்து வெளியே வரத் தயாராக இன்னும் ரெண்டு வாரம். மனிதனுக்கு உருவாவதற்கே எழுபது நாளுக்கு மேல். இந்த நாட்களைக் குறைக்கிற லேகியம் என்னிடம் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“அப்ப டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்லலாமா மாமா? சீக்கிரம் வருமே” என்று அடுத்த கேள்வி கேட்டான். இங்கேதான் படித்தவர்களே தப்புப் பண்ணுகிறார்கள். விதைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். வெளியிலிருந்து ஊசியாக ஏற்றினால் ரத்தத்தில் அளவு கூடும். அதைப் பார்த்து மூளை, ‘சரக்குத்தான் நிறைய இருக்கிறதே’ என்று உத்தரவை நிறுத்திவிடும். ரத்தத்தில் வெள்ளம், விதைக்குள்ளே வறட்சி! தூக்கத்திலிருந்து எழப் போகிறவனுக்கு மறுபடி தூக்க மாத்திரை கொடுத்த கதை அது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். என் தவறிலிருந்து தெரிந்துகொண்டேன்.

2016-ல் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். பையனுக்கு இருபத்தெட்டு வயசு. கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தை இல்லை. ஆள் பார்க்க மல்யுத்த வீரன் மாதிரி இருந்தான். பரிசோதனை ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். நானும் நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், தூக்கம், பசி, மலம், வேலை எல்லாம் விசாரித்தேன். எங்கள் மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு. சாரத்தில் தொடங்கி, செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று போய் ஏழாவதாகத்தான் சுக்கிலம். ஆறும் செழித்தால் ஏழாவது செழிக்கும் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்ததை அவனிடம் விளக்கி, லேகியமும் சூரணமும் கொடுத்து அனுப்பினேன். நாலு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டான். மறுபடி டெஸ்ட். மறுபடி பூஜ்யம்.

அன்றைக்கு அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஜிம்ல ஒரு ஊசி போட்டுக்கிறாங்க சார். வாரம் ஒண்ணு. அது பரவாயில்லையா?”

பையன் உடனே, “அது மருந்து இல்ல சார், பாடிக்குப் போடறது” என்றான்.

நாலு மாதம் அந்தப் பிள்ளைகளின் காசையும் காலத்தையும் நான் வீணாக்கியிருக்கிறேன். அவன் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. ‘வேறே மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டேன். அவனும் உண்மையாகவே ‘இல்லை’ என்றான். அவன் கணக்கில் அது மருந்தில்லையே! ஒரு கையால் கதவைப் பூட்டிக்கொண்டு மறு கையால் அதே கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம், ரெண்டு பேரும் சேர்ந்து.

அவனை ஒரு ஹார்மோன் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினேன். அவர் மேற்பார்வையில் ஊசி நின்றது. நடுவில் சோர்வு, எரிச்சல், ஆசையே இல்லை என்று பையன் ரொம்பக் கஷ்டப்பட்டான். ‘ஊசி போட்டப்ப நல்லா இருந்தேனே’ என்று திரும்பவும் அங்கே போகப் பார்த்தான். அந்தப் பெண் விடவில்லை. பதினொரு மாதம் கழித்து எண்ணிக்கை வந்தது. இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது. என் லேகியத்தால்தான் பிறந்தது என்று அவன் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆண்களுக்கான கருத்தடை ஊசி ஆராய்ச்சிகளில் பங்கெடுத்த 1,500-க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களைச் சேர்த்து 2006-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஹார்மோன் கொடுத்து விந்தணுவை அடக்கி, பிறகு நிறுத்தியவர்கள் அவர்கள். மில்லிலிட்டருக்கு ரெண்டு கோடி என்ற அளவுக்கு எண்ணிக்கை திரும்ப, ஆறு மாதத்தில் 67 சதவிகிதம், ஒரு வருஷத்தில் 90 சதவிகிதம், பதினாறு மாதத்தில் 96 சதவிகிதம் பேருக்கு வாய்ப்பு. ரெண்டு வருஷத்தில் எல்லோருக்கும். மேலே சொன்ன நாய்க் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே வேகம்! ஆனால் இவர்கள் அளவோடு, டாக்டர் கண்பார்வையில் போட்டுக்கொண்டவர்கள். ஜிம்மில் நாலு வகையைக் கலந்து வருஷக்கணக்காகப் போடுகிறவனுக்கு இதைவிட நாளாகலாம். சிலருக்கு ஸ்பெஷலிஸ்ட் வேறு ஊசி, மாத்திரை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

அதனால் மருமகனிடம் சொன்னேன்: “அமுக்கரா நல்ல மருந்துதான்டா. இளைச்ச உடம்பைத் தேற்றும். ஆனா உன் நாய் இளைக்கலை. அதோட கதவை வெளியே ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான். அவன் ஓயற வரைக்கும் உள்ளே இருக்கறவனுக்கு என்ன ஊட்டினாலும் பிரயோஜனமில்ல.”

அனுப்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை நாய் வளர்க்கிற வீடுகளில் எல்லோரும் கவனிக்க வேண்டும். மனிதனுக்கு அமிர்தமாக இருக்கிற லேகியம் நாய்க்கு விஷமாகலாம். பல லேகியங்களில் திராட்சை சேரும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சம் போதும். சாதிக்காய் சேரும், அது நாய்க்கு நடுக்கம், படபடப்பு, வலிப்பு வரை கொண்டுபோகும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பூண்டு லேகியத்தை நாய் நக்கித் தின்றால், பூண்டும் வெங்காயமும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். நெய்யும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே போனால் கணையம் வீங்கிப் படுத்துவிடும். ‘மூலிகைதானே, சைடு எஃபெக்ட் இருக்காது’ என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது, எட்டிக்கொட்டையும் மூலிகைதான்.

இப்படிக் ‘காத்திரு, காத்திரு’ என்று சொன்னேன் என்பதற்காக எல்லா நாய்க்கும் காத்திருந்துவிடாதீர்கள். எது அடக்குகிறது என்று தெரிந்தால்தான் காத்திருக்கலாம். சிப் வைத்திருக்கிறோம், தேதி தெரியும், அதனால் காத்திருக்கிறோம். சிப்பும் இல்லை, மருந்தும் இல்லை, ஆனால் ஆண் நாயின் விதை சுருங்குகிறது என்றால் அது வேறு கதை.

சில ஆண் நாய்களுக்கு ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். ‘ஒண்ணுதான் இருக்கு, அதனால என்ன’ என்று விட்டுவிடுவார்கள். வயசான பிறகு அந்த உள்ளே இருக்கிற விதையில் கட்டி வரும் ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம். அதில் ஒரு வகைக் கட்டி, பெண் ஹார்மோனைச் சுரக்கும். அதன் விளைவாக வெளியே இருக்கிற நல்ல விதை சுருங்கும். வயிற்றின் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும். முலைக்காம்புகள் பெருக்கும். மற்ற ஆண் நாய்கள் இதைப் பெண் நாய் என்று நினைத்துப் பின்னால் வரும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை இது. அந்த ஹார்மோன் எலும்புக்குள்ளே இருக்கிற ரத்தம் ஊறும் இடத்தையே வற்ற வைக்கும். கட்டியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மற்ற விதை தேறிக்கொள்ளலாம். எலும்பு மஜ்ஜை வற்றிய பிறகு எடுத்தால் நாய் பிழைப்பது கஷ்டம். நாய்க்குட்டி வாங்கும்போது நிறம், காது, வால் எல்லாம் பார்க்கிறோம். ஆண் குட்டி என்றால் ஆறு மாதத்துக்குள் ரெண்டும் இறங்கியிருக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்காததை எடுத்துவிடுவது நல்லது. இதில் நான் கத்தியின் பக்கம்தான்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிற இன்னொரு காரணத்தையும் பாருங்கள். ஹார்மோன் ஜெல், ஸ்பிரே என்று கையில் தடவிக்கொள்ளும் மருந்துகள் வந்திருக்கின்றன. தடவிய கையை நாய் நக்கும், மடியில் படுக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் கையில் அடித்துக்கொள்ளும் ஒரு ஈஸ்ட்ரோஜன் ஸ்பிரே, வீட்டுக் குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் பாதிக்கிறது என்று 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. நாய்த்தோலில் வரும் காளான் நோய்க்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் மாத்திரையும் சாப்பிடுகிற காலத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பும். ஜோடி சேர்க்கப் போகிற நாய் என்றால், என்ன மருந்து ஓடுகிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

‘டாக்டர், அப்படியென்றால் எல்லா நாய்க்கும் சிப் வைத்துவிடலாமே’ என்று கேட்பீர்கள். தெரு நாய்க்கு அது உதவாது. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை அதே நாயைத் தேடிப் பிடித்து யார் குச்சி வைப்பது? 2001-ல் வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளும், அதற்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய விதிகளும் தெரு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் என்று சொல்வது சரியான வழிதான். அதை ஒழுங்காகச் செய்கிறோமா என்பது தனிச் சண்டை. வீட்டு நாய்க்குக்கூட, கடிக்கிறது என்பதற்காகச் சிப்போ ஆபரேஷனோ அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். பயத்தினால் கடிக்கிற நாய்க்கு ஆண் ஹார்மோன் குறைந்தால் பயம் கூடிப் போவதும் உண்டு. அதற்கு வேண்டியது பழக்குவது. வயசான நாய்க்குப் புராஸ்டேட் வீக்கம், ஆபரேஷன் தாங்குமா என்று தெரியவில்லை, அல்லது நிரந்தரமாக முடிவெடுக்கும் முன்பு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற இடங்களில் சிப் நல்ல சாதனம் என்பது என் அபிப்பிராயம். என் கால்நடை டாக்டர் நண்பரும் இதை ஒப்புக்கொள்கிறார். அபூர்வமாகத்தான் நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றை ஒப்புக்கொள்வோம்.

ப்ரூனோவின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2024 டிசம்பரில், அதாவது பதின்மூன்றாவது மாதம், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மருமகன் அன்றைக்கே ஜோடி சேர்க்கத் துடித்தான். “மூணு மாசம் பொறு” என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொல்லிக் கேட்காதவன் அவர் சொல்லிக் கேட்டான். 2025 மார்ச்சில் விந்து பரிசோதனை, எல்லாம் சரி. அதற்குள் நண்பர் வீட்டுப் பெண் நாய்க்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்! அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் என்று பேச்சு.

பழையபடி ராத்திரி ஊளையும் திரும்பிவிட்டது என்று கேள்வி. கீழ்வீட்டுக்காரர் மறுபடி கடிதம் எழுதியிருக்கிறாராம்.

அந்தக் குளிர்காலத்தில் மருமகனுக்கு விடாத இருமல். தங்கை கேட்டுக்கொண்டபடி ஒரு டப்பா லேகியம் கடைசியில் ஜெர்மனிக்குப் போகத்தான் செய்தது. கண்டங்கத்திரி லேகியம். மூடியின் மேலே கறுப்பு மார்க்கரால் பெரிசாக எழுதினேன்: ‘உனக்கு மட்டும். ப்ரூனோவுக்கு எட்டாத உயரத்தில் வை.’